‘வேலை’யை ஆங்கிலத்தில் சொல்லும் முறை: ‘வொர்க்’ என்ற சொல்லும் அதன் சுற்றமும்

தமிழ் வழியில் படித்துவிட்டு முதன்முறையாக ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதும் இளைஞர்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். என் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல், முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி இருக்கும்: ‘ஐ ஆம் சர்ச்சிங் எ வொர்க்.’ எழுதியவர் கவனக்குறைவாக எழுதியதில்லை. ‘ஒரு வேலை தேடுகிறேன்’ என்ற பிழையற்ற தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘தேடு’ என்பதற்கு ‘சர்ச்’ என்றும், ‘ஒரு’ என்பதற்கு ‘எ’ என்றும், ‘வேலை’ என்பதற்கு ‘வொர்க்’ என்றும் அகராதி சொன்னபடியே வைத்திருக்கிறார். தனித்தனியே பார்த்தால் மூன்றும் சரியாக இருக்கின்றன. வாக்கியமாகச் சேர்ந்ததும் மூன்றும் இடறுகின்றன.

தமிழில் ‘வேலை’ என்பது பெரிய வீடு. அலுவலகத்தில் கிடைக்கும் பதவியும், வீட்டில் பாத்திரம் துலக்குவதும், தச்சர் கதவில் செய்த நுணுக்கமும், நாளை முடிக்க வேண்டிய காரியமும் அந்த ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஆங்கிலமோ அந்த வீட்டைப் பத்துப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறது. ஆகவே ‘வொர்க்’ என்பதற்கு ஒத்த சொற்கள் எவை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எண்ண முடியுமா, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து நடமாடுகிறது என்ற இரண்டையும் அந்தச் சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் அனைத்தும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: காதையும் நாவையும் பழக்குவது

பொருளுக்குப் போவதற்கு முன்னால் ஒலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வேலையைக் குறிக்கும் ‘வொர்க்’ என்பதையும் நடையைக் குறிக்கும் ‘வாக்’ என்பதையும் நம்மவர்கள் பலர் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். இரண்டுக்கும் உதடு குவிந்துதான் தொடங்குகிறது. வேலையைச் சொல்லும்போது குவிந்த உதட்டை உடனே தளர்த்தி, வாயின் நடுவில் மங்கலான ஒரு நெட்டொலியை எழுப்ப வேண்டும். நடையைச் சொல்லும்போது உதடு கடைசிவரை குவிந்தே இருக்கும், எழுத்தில் உள்ள லகரம் ஒலிக்காது. கண்ணாடி முன் நின்று இரண்டையும் மாறி மாறிப் பத்து முறை சொல்லிப் பார்த்தால் உதட்டின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, சொல்லின் ஈறு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. நாக்கு, பாட்டு, எழுத்து என்று ஒரு குற்றியலுகரத்தைத் துணைக்கு வைத்தே முடிக்கிறோம். அந்தப் பழக்கம்தான் ‘வொர்க்கு’, ‘ஜாப்பு’ என்று நம்மைச் சொல்ல வைக்கிறது. தமிழ்ப் பேச்சுக்குள் அது இயல்பானது, அதைத் திருத்தத் தேவையில்லை. ஆங்கில வாக்கியத்துக்குள் மட்டும் அந்த உகரத்தை விட்டுவிடப் பழக வேண்டும்.

இரண்டாம் படி: ‘எ’ என்ற ஓரெழுத்தைக் கவனிப்பது

இந்தப் படியில்தான் மிகுதியான நேரத்தைச் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நான் திருத்தும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

உழைப்பு, செய்ய வேண்டிய காரியம் என்ற பொருளில் வரும்போது ‘வொர்க்’ என்ற சொல்லை ஆங்கிலம் தண்ணீரைப் போல, அரிசியைப் போல எண்ண முடியாத பொருளாகவே கருதுகிறது. ‘ஒரு தண்ணீர்’ என்று நாம் சொல்வதில்லை. ‘ஒரு குவளைத் தண்ணீர்’ என்போம். அதே முறையில் ‘எ வொர்க்’ என்று சொல்லாமல், ‘சம் வொர்க்’ என்றோ, ‘எ லாட் ஆஃப் வொர்க்’ என்றோ, ‘எ பீஸ் ஆஃப் வொர்க்’ என்றோ சொல்ல வேண்டும். ‘எனக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்’ என்பதை ‘ஐ ஹாவ் எ வொர்க்’ என்று சொல்லாமல் ‘ஐ ஹாவ் சம் வொர்க் டு டூ’ என்று சொன்னால் சரியாகிவிடும். பல வேலைகள் என்று சொல்ல வந்தாலும் ‘மெனி வொர்க்ஸ்’ ஆகாது; ‘மச் வொர்க்’ அல்லது ‘எ லாட் ஆஃப் வொர்க்’ என்பதே முறை. இதன் வழியில் பிறந்த ‘ஹோம்வொர்க்’, ‘ஹவுஸ்வொர்க்’, ‘டீம்வொர்க்’ ஆகியவையும் இதே இயல்புடையவை. பள்ளிக்கூட வாசலில் ‘இன்றைக்கு மூன்று ஹோம்வொர்க்ஸ்’ என்று குழந்தைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த இறுதி ‘ஸ்’ ஆங்கிலத்தில் இல்லை. இவை மூன்றும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதப்படும் என்பதையும், கடும் உழைப்பைக் குறிக்கும் ‘ஹார்ட் வொர்க்’ மட்டும் இரு சொற்களாகவே நிற்கும் என்பதையும் இத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ‘எ வொர்க்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் அறவே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பொருள் மாறிவிடுகிறது. எண்ணக்கூடிய பெயராக வரும்போது அது படைப்பைக் குறிக்கிறது. ‘எ வொர்க் ஆஃப் ஆர்ட்’ என்றால் ஒரு கலைப்படைப்பு. ‘த வொர்க்ஸ் ஆஃப் ஷேக்ஸ்பியர்’ என்றால் ஷேக்ஸ்பியரின் படைப்புகள். ஆக, ‘ஐ ஆம் சர்ச்சிங் எ வொர்க்’ என்று எழுதியவர், தம்மை அறியாமலே, யாரோ ஒருவருடைய நூலையோ ஓவியத்தையோ துழாவிக்கொண்டிருப்பதாக எழுதிவிடுகிறார். ‘எ’ என்ற ஓரெழுத்து ஒரு பெயர்ச்சொல்லின் பொருளையே திருப்பிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பன்மையில் வரும் ‘வொர்க்ஸ்’ என்பதற்குப் படைப்புகள் தவிர இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. முதலாவது, கட்டுமானப் பணிகள். நம் பொதுப்பணித்துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பப்ளிக் வொர்க்ஸ்’ இந்தப் பொருளைச் சேர்ந்தது; அணை, கால்வாய், அரசுக் கட்டடம் ஆகியவற்றை உருவாக்கிப் பேணுவதைக் குறிக்கிறது. கோயில் திருப்பணி என்று நாம் சொல்லும்போது ‘பணி’ என்ற சொல் சுமக்கும் பொருளும் இதற்கு மிக அருகில் இருப்பது. இரண்டாவது, ஆலை அல்லது தொழிற்கூடம். சென்னையில் புறநகர் மின்ரயிலில் அரக்கோணம் தடத்தில் செல்பவர்கள் பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸ், பெரம்பூர் லோகோ வொர்க்ஸ் என்ற இரண்டு நிலையங்களைக் கடந்திருப்பார்கள். அங்குள்ள ரயில்வே தொழிற்கூடங்களின் பெயரே நிலையங்களுக்கும் பெயராயிற்று. குடிநீரைத் தூய்மையாக்கும் இடத்தை ‘வாட்டர் வொர்க்ஸ்’ என்பதும் இவ்வகைதான். தொழிற்கூடத்தைக் குறிக்கும்போது இந்தச் சொல் பன்மை வடிவிலேயே நிற்கும். வினைச்சொல் ஒருமையாகவும் வரலாம், பன்மையாகவும் வரலாம்.

மூன்றாம் படி: சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு சொற்கள்

‘கோ டு வொர்க்’ என்றால் வேலைக்குப் போவது. இதில் ‘த’ வராது. ஆனால் ‘கோ டு த ஆஃபீஸ்’ என்னும்போது ‘த’ கட்டாயம் வர வேண்டும். ‘ஹி இஸ் அட் வொர்க்’ என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு: அவர் பணியிடத்தில் இருக்கிறார் என்பது ஒன்று, வேலையில் ஈடுபட்டிருக்கிறார் என்பது மற்றொன்று. சாலையோரத்தில் பள்ளம் தோண்டிய இடத்தில் ‘மென் அட் வொர்க்’ என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்களே, அது இரண்டாவது பொருள். வேலையின்றி இருப்பவர் ‘அவுட் ஆஃப் வொர்க்’. வேலை இருந்தும் உடல்நலக் குறைவால் வராதவர் ‘ஆஃப் வொர்க்’. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால், காய்ச்சலுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தவர் வேலையை இழந்தவராகிவிடுவார்.

வேலை செய்வதற்கு ‘டூ’ என்ற வினையே உரியது. ‘மேக் வொர்க்’ என்றால் தேவையில்லாத வேலையை உண்டாக்குவது என்று பொருள் திரியும்.

நான்காம் படி: ஒத்த சொற்களை அவற்றின் குணத்தோடு அறிவது

ஒத்த சொற்களைத் தொகுத்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை நினைவில் நிற்கும்படி நூற்பாக்களாகவும் செய்யுள்களாகவும் கட்டிக் கொடுத்தவை. ‘வேலை’ என்ற சொல்லுக்கே கடல் என்றும் கடற்கரை என்றும் பழம்பொருள் உண்டு என்பதை அந்த மரபின் வழியாகத்தான் அறிகிறோம். ஆங்கிலத்தில் 1852ஆம் ஆண்டு பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் வெளியிட்ட சொற்களஞ்சியம் இத்தகைய நூல்களில் புகழ்பெற்றது. சொல் தெரிந்தவர் மறந்ததை நினைவுபடுத்திக்கொள்ள அது நல்ல துணை. புதிதாகக் கற்பவர் அதிலிருந்து நேரடியாகச் சொல்லை எடுத்துக் கையாளும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. பட்டியலில் அருகருகே நிற்கும் சொற்கள் வாக்கியத்தில் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பதில்லை.

முதலில் ‘ஜாப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அன்றாடத் தேவைக்கு இது ஒன்றே பாதி வழியைக் கடத்திவிடும். சம்பளத்துக்குச் செய்யும் குறிப்பிட்ட பதவி அல்லது முடிக்க வேண்டிய குறிப்பிட்ட ஒரு காரியம் என்பது இதன் பொருள். இதை எண்ணலாம்: ‘எ ஜாப்’, ‘டூ ஜாப்ஸ்’. எனவே ‘ஒரு வேலை தேடுகிறேன்’ என்பதன் சரியான ஆங்கிலம் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்’ என்பதாகும். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் வொர்க்’ என்றும் சொல்லலாம், ‘எ’ இல்லாமல். இங்கே ‘சர்ச்’ ஏன் பொருந்தவில்லை என்றால், அந்த வினைக்குப் பின்னால் நேரடியாக வருவது தேடப்படும் இடமே தவிர, தேடப்படும் பொருள் அன்று. ‘சர்ச் த பேக்’ என்றால் பைக்குள் துழாவுவது என்று அர்த்தம்.

இன்று மதிப்போடு ஒலிக்கும் இந்த ‘ஜாப்’ ஒரு காலத்தில் அவ்வளவு மரியாதை பெற்ற சொல்லாக இல்லை. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இதைத் தாழ்ந்த வழக்குச் சொல் என்றும், இதன் வேர் தமக்குத் தெரியவில்லை என்றும் குறித்து, அற்பமான சில்லறை வேலை என்று பொருள் எழுதினார். அந்தச் சில்லறை வேலை என்ற பழம்பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதைத் திருப்பூருக்குப் போனால் பார்க்கலாம். அங்கே பின்னலாடைத் தொழிலில் ‘ஜாப் வொர்க்’ என்பது நாள்தோறும் புழங்கும் சொல். துணி இன்னொருவருடையது, அதற்குச் சாயம் ஏற்றுவதையோ, எம்பிராய்டரி போடுவதையோ, தைத்துக் கொடுப்பதையோ கூலிக்குச் செய்துவிட்டுத் துணியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஜிஎஸ்டி சட்டமும் இந்தச் சொல்லுக்குத் தனியே விளக்கம் தந்திருக்கிறது: பதிவுபெற்ற இன்னொருவருக்குச் சொந்தமான பொருள்மீது செய்யப்படும் பதப்படுத்தலோ செய்முறையோதான் ‘ஜாப் வொர்க்’. எண்ணத்தக்க ஒன்றும் எண்ண முடியாத ஒன்றும் சேர்ந்து அமைந்த இந்தத் தொடரைத் தொழில்முறைச் சொல்லாக அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் ‘ஜாப் வொர்க் தேடுகிறேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், பதவி கேட்பவராக உங்களைக் கருதாமல், கூலிக்குச் செய்து கொடுக்கும் பட்டறைக்காரராகக் கருதிவிடுவார்கள்.

அடுத்து ‘லேபர்’. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லில் உடல் வருத்தம் கலந்திருக்கிறது. ‘மெய்வருத்தக் கூலி’ என்று 619ஆம் குறள் சொல்கிறதே, அந்த மெய்வருத்தம்தான் ‘லேபர்’ என்பதற்கு நான் அறிந்தவரையில் மிக நெருங்கிய தமிழ். பிரசவ வேதனைக்கும் இதே சொல் வழங்குவதால் மருத்துவமனையில் ‘லேபர் வார்டு’ இருக்கிறது. உழைக்கும் மக்களைத் திரளாகக் குறிக்கவும் இதுவே பயன்படுகிறது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னையில் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் அன்றே தொடங்கிய கட்சியின் பெயர் ‘லேபர் கிசான் கட்சி’. அதில் ‘லேபர்’ என்பது தொழிலாளர் வர்க்கம் முழுவதையும் குறிக்கிறது. இங்கே நம் பேச்சு வழக்கு ஒரு கண்ணி வைக்கிறது. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி ‘நாளைக்கு ரெண்டு லேபர் வேணும்’ என்பார். தமிழில் அது நிலைத்துவிட்ட வழக்கு. ஆங்கிலத்திலோ தனி ஆளை ‘லேபரர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘டூ லேபர்’ என்பது வழக்கில் இல்லை. பிரிட்டன் எழுத்துமுறையில் இந்தச் சொல்லின் கடைசி அசையில் ‘யு’ என்ற எழுத்து இருக்கும், அமெரிக்க முறையில் இருக்காது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடிதம் முழுதும் அதையே பின்பற்ற வேண்டும்.

‘எம்ப்ளாய்மென்ட்’ என்பது ஊதியம் பெறும் பணியில் இருக்கும் நிலை. வேலைவாய்ப்பு என்று தமிழில் சரியாகவே பெயர்த்திருக்கிறோம். ஊர்ப்புறத்தில் நூறு நாள் வேலை என்று எல்லோரும் அறிந்த திட்டத்துக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘வொர்க்’ என்று சொல்லாமல் ‘எம்ப்ளாய்மென்ட்’ என்று சொன்னது. ஏரிக்கரையில் மண் வெட்டியது ‘வொர்க்’; ஆண்டுக்கு நூறு நாள் அந்த வாய்ப்பைத் தருவதாக அரசு அளித்த உறுதி ‘எம்ப்ளாய்மென்ட்’ பற்றியது. இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள கோடு இந்த ஒரு சட்டத்தில் துலக்கமாகத் தெரிகிறது.

‘ஆக்குபேஷன்’ படிவங்களில் வாழும் சொல். வங்கிப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் விவசாயம், ஆசிரியர், இல்லத்தரசி என்று நிரப்புவோம். பேச்சில் யாரிடமும் ‘வாட் இஸ் யுவர் ஆக்குபேஷன்’ என்று கேட்டால் விசாரணை போல இருக்கும். ‘வாட் டு யூ டூ’ என்பதே இயல்பு. இந்தச் சொல்லுக்கு ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் படை பிடித்து வைத்திருப்பது என்ற பொருளும் இருப்பதைச் செய்தித்தாள் படிக்கும்போது மறக்க வேண்டாம்.

‘ப்ரொஃபெஷன்’ என்பது நீண்ட படிப்பும் பயிற்சியும் நெறிமுறையும் வேண்டும் தொழில். வெளிப்படையாக அறிவித்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்ததால், முதலில் துறவிகள் எடுக்கும் உறுதிமொழியைக் குறித்தது. பிறகு சட்டம், மருத்துவம் போன்றவற்றுக்குப் பரவியது. ‘ட்ரேட்’ என்பது கைத்திறனால் பயிலும் தொழில். ஐடிஐ மாணவரைப் பார்த்து ‘எந்த ட்ரேடு?’ என்று கேட்டால், ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று விடை வரும்; அங்கே நாம் பயன்படுத்துவது இந்த ஆங்கிலச் சொல்லின் சரியான பொருளில்தான். ‘வொகேஷன்’ என்பது உள்ளிருந்து ஏதோ அழைப்பதுபோல ஒருவர் தம்மையே ஒப்படைத்துச் செய்யும் பணி. அழைத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். விண்ணப்பக் கடிதத்தில் இந்தச் சொல்லை எழுதாமல் இருப்பது நல்லது.

‘கரியர்’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். ஒருவரது உழைக்கும் வாழ்க்கை முழுவதையும், அதில் அவர் ஏறிவரும் படிகளையும் இது குறிக்கிறது. பிரெஞ்சு மொழியில் ஓட்டப் பந்தயத் திடலுக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது இலத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல். நம்மவர்கள் பெரும்பாலோர் இதை முதல் அசையை அழுத்தி ‘கேரியர்’ என்று ஒலிக்கிறார்கள். அது சோறு கட்டிக்கொண்டு போகும் டிபன் கேரியரில் உள்ள சொல். அதுவும் அந்த வண்டியின் வழிவந்ததுதான் என்றாலும், இன்றைக்கு இரண்டும் வேறு. நேர்காணலில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும்: கரீ-யர். கடைசி அசையைச் சன்னமாகச் சொல்லி முடித்தால் போதும்.

சிறிய அளவிலான வேலைகளுக்கு உரிய சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘டாஸ்க்’ என்பது ஒருவர் நமக்குக் குறித்துக் கொடுத்த, தொடக்கமும் முடிவும் உள்ள காரியம். வரியைக் குறிக்கும் ‘டாக்ஸ்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ‘டூட்டி’ என்பது கடமை. செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் காவலரும் தமிழிலேயே ‘டூட்டிக்குப் போகிறேன்’ என்று சொல்லும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. ஆனால் அலுவலக ஊழியர் எல்லோரும் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கோயிங் டு டூட்டி’ என்று சொல்ல வேண்டியதில்லை, ‘டு வொர்க்’ என்பதே போதும். முறைவைத்துப் பொறுப்பேற்பவர்களுக்கு ‘ஆன் டூட்டி’ என்பது பொருந்தும். ‘சோர்’ என்றால் கூட்டுவது, துடைப்பது, துணி மடிப்பது போன்ற சலிப்பூட்டும் அன்றாட வேலை. அலுவலகப் பணியை அப்படிச் சொன்னால் அதை நீங்கள் வெறுக்கிறீர்கள் என்று ஆகிவிடும். ‘டாய்ல்’ என்பது பாட்டிலும் கதையிலும் வரும் கடும்பாடு.

இடையில் மாணவர்களுக்காக ஒரு சொல். இயற்பியல் பாடத்தில் ‘வொர்க்’ என்பதற்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. விசை செயல்பட்டு, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் அங்கே வேலை நடந்தது. 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் ஏறக்குறைய 245 ஜூல் வேலை. தூக்கிய மூட்டையைத் தோளில் வைத்தபடி கால்மணி நேரம் அசையாமல் நின்றால் வியர்வை கொட்டும், ஆனால் மூட்டையின் மீது செய்த வேலை சுழி. பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1829இல் வெளியிட்ட நூல் வழியாக இந்தக் கலைச்சொற்பொருள் நிலைபெற்றது. அன்றாட மொழியையும் அறிவியல் மொழியையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுபவர்கள் இந்தப் பொருளைத் தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் படி: தமிழிலிருந்து திரும்பிப் பார்ப்பது

ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன், நம் மனத்தில் உள்ள ‘வேலை’ எது என்று தமிழிலேயே ஒருமுறை மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘உழைப்பு’ என்று மாற்ற முடிந்தால் ‘வொர்க்’ அல்லது ‘லேபர்’. ‘உத்தியோகம்’ என்று மாற்ற முடிந்தால் ‘ஜாப்’. ‘படைப்பு’ என்றால் ‘எ வொர்க்’. ‘காரியம்’ என்றால் ‘டாஸ்க்’. ‘பணி’ என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஆங்கிலப் பெயரில் அது ‘சர்வீஸ்’, பொதுப்பணித்துறையில் ‘வொர்க்ஸ்’, பணியிடம் என்னும்போது ‘போஸ்ட்’. ‘தொழில்’ என்ற சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் தொழில் தொடங்கினார் என்றால் வணிகமோ ஆலையோ நினைவுக்கு வரும். இலங்கையில் தொழில் திணைக்களம் என்பது ‘லேபர்’ துறை. அங்கே ‘தொழில்தருநர்’ என்றால் வேலை கொடுப்பவர், ‘இண்டஸ்ட்ரி’க்குக் ‘கைத்தொழில்’ என்பதே அரசு வழக்கு. யாழ்ப்பாணத்து நண்பர் தொழில் கிடைத்துவிட்டது என்று எழுதினால் அது ‘ஜாப்’ என்று கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: அகராதியும் குறிப்பேடும்

கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதியை வாங்குங்கள், அல்லது கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர்ச்சொற்களுக்குப் பக்கத்தில் எண்ணத்தக்கது என்பதற்கு ‘சி’ என்ற எழுத்தும், எண்ண முடியாதது என்பதற்கு ‘யு’ என்ற எழுத்தும் இருக்கும். ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய தோழர்களும் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியில் இந்தப் பாகுபாட்டைக் குறித்துக் காட்டினார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பெயரில் உலகெங்கும் புழங்கும் கற்போர் அகராதியின் மூலம் அதுவே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குத் தேவைப்படாத அந்த ஓரெழுத்து நமக்குப் பொன்னைப் போன்றது. பொருளைப் பார்ப்பதற்கு முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

குறிப்பேட்டில் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ‘ஜாப்’ என்று எழுதினால், ‘அப்ளை ஃபார் எ ஜாப்’, ‘கெட் எ ஜாப்’, ‘லூஸ் எ ஜாப்’, ‘எ பார்ட் டைம் ஜாப்’ என்று அது சேர்ந்து நடக்கும் தொடர்களையும் எழுதுங்கள். ‘வொர்க்’ என்று எழுதினால், ‘அட் வொர்க்’, ‘அவுட் ஆஃப் வொர்க்’, ‘எ லாட் ஆஃப் வொர்க்’, ‘வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதுங்கள். கடைசியில் சொன்ன தொடரிலும் ‘ஸ்’ சேராது. மூன்று நிறுவனங்களில் பணியாற்றியிருந்தாலும் அனுபவம் ஒருமையில்தான் நிற்கும். சொல்லின் உறவுக்காரர்களையும் ஓரத்தில் குறித்து வைக்கலாம். ‘வொர்க்’ என்ற ஆங்கிலச் சொல்லும், வேலை என்று பொருள்படும் ‘எர்கான்’ என்ற கிரேக்கச் சொல்லும் ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை. அந்தக் கிரேக்கச் சொல்லை வைத்தே ‘எனர்ஜி’ பிறந்தது. கையும் வேலையும் சேர்ந்து ‘சர்ஜரி’ ஆயிற்று. அறுவை மருத்துவம் முதலில் கைவேலை என்றே பெயர் பெற்றது என்று சொன்னதும் என் வகுப்பில் பலர் பேனாவை எடுத்து எழுதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வியப்போடு பதிந்த சொல் எளிதில் மறப்பதில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். அண்மையில் ஒரு டிப்ளமோ மாணவி கொண்டுவந்த கடிதத்தில் இப்படி நான்கு வரிகள் இருந்தன: ‘ஐ ஆம் சர்ச்சிங் எ வொர்க். ஐ ஹாவ் டூ இயர்ஸ் வொர்க் எக்ஸ்பீரியன்சஸ். இன் மை லாஸ்ட் ஜாப் ஐ டன் மெனி வொர்க்ஸ். ஐ லைக் ஹார்ட்வொர்க்.’ நான் திருத்தாமல், ஒவ்வொரு வரியிலும் உள்ள வேலையைத் தமிழில் வேறு சொல்லால் சொல்லச் சொன்னேன். உத்தியோகம், அனுபவம், பொறுப்புகள், உழைப்பு என்று நான்கு சொற்களைச் சொன்னார். பிறகு அவரே அகராதியைத் திறந்து ஓரெழுத்துக் குறிகளைப் பார்த்து எழுதியது இது: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப். ஐ ஹாவ் டூ இயர்ஸ் ஆஃப் வொர்க் எக்ஸ்பீரியன்ஸ். இன் மை லாஸ்ட் ஜாப் ஐ ஹாட் மெனி டூட்டிஸ். ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்.’ மூன்றாம் வரியில் அந்தப் பொறுப்புகள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். இருப்புப் பதிவேடு பார்த்தது, விலைப்பட்டியல் தட்டச்சு செய்தது, வாடிக்கையாளரின் அழைப்புகளுக்கு விடை சொன்னது என்று மூன்றையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் அவர் எழுதி முடித்தபோது, அந்த மூன்று வாக்கியங்களில் ‘வொர்க்’ என்ற சொல் தேவைப்படவே இல்லை.

உங்கள் கடிதத்தையும் இப்போது எடுத்து, அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கு மேலும் நீங்கள் சொல்ல நினைத்த ‘வேலை’ எது என்று தமிழில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, அதன் பிறகு அகராதியைத் திறங்கள்.